எண்ணமும் எண்ணும்: டிஜிட்டல் நாள்காட்டியைத் திருத்திய கண்டுபிடிப்புகள்

ஜனவரி 31 அன்று ஒருவர் தன் நாள்காட்டிச் செயலியில் "வாடகை கட்ட வேண்டும், மாதந்தோறும்" என்று பதிகிறார். பிப்ரவரியில் நினைவூட்டல் வரவில்லை. மார்ச் 31 அன்று வருகிறது. ஏப்ரலில் மறுபடியும் காணோம். செயலியில் பழுது எதுவும் இல்லை. நாள்காட்டி மென்பொருள்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஐகேலண்டர் தரத்தின்படி, "ஒவ்வொரு மாதமும் 31" என்றால் 31 இல்லாத மாதங்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஏழு முறைதான் மணி அடிக்கும். பதிந்தவரின் எண்ணம் "மாதக் கடைசி". கணினி வாங்கிக்கொண்டது 31 என்ற எண்.

நாள்காட்டி மென்பொருளில் நிகழும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடைவெளியில்தான் பிறக்கிறது. மனிதர் சொன்னதை உடனே ஓர் எண்ணாக மாற்றிச் சேமித்துவிட்டால், பிறகு உலகம் மாறும்போது அந்த எண் பொய்யாகிவிடுகிறது. இத்துறையில் நிலைத்து நின்ற கண்டுபிடிப்புகளை எடுத்துப் பார்த்தால், அவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன: எண்ணத்தை எண்ணமாகவே வைத்திருந்து, எண்ணாக மாற்றுவதை முடிந்தவரை கடைசிக்குத் தள்ளிப்போட்டிருக்கின்றன.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே "கேலண்டர்" என்றொரு சிறு கட்டளை இருந்தது. பயனர் ஒரு சாதாரண உரைக்கோப்பில் தேதியும் குறிப்புமாக வரிகளை எழுதிவைப்பார். அந்தக் கட்டளை இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு. வாரக் கடைசியில் "நாளை" என்பது திங்கள்வரை நீளும். திங்கட்கிழமைக் கூட்டத்தைத் திங்கள் காலையில் சொல்லிப் பயனில்லை, வேலைக்குப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் பல செயலிகள் இந்த அளவுக்கு யோசிப்பதில்லை.

விதியைச் சேமி, தேதிகளைச் சேமிக்காதே

வாரந்தோறும் வரும் கூட்டத்தை எப்படிச் சேமிப்பது? முதலில் தோன்றும் வழி, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான 260 தேதிகளையும் வரிசையாக எழுதிவைப்பது. இடம் வீணாவது கிடக்கட்டும். "இனி புதன்கிழமை" என்று மாற்றும்போது 260 இடங்களில் மாற்ற வேண்டும், ஐந்து ஆண்டு முடிந்ததும் கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். 1996இல் வந்த வீகேலண்டரும், அதைத் தொடர்ந்து 1998இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான ஐகேலண்டரும் தேதிகளுக்குப் பதிலாக விதியைச் சேமித்தன. அந்த விதிகளைத் திருத்திச் சீர்படுத்தி 2009இல் ஆர்எஃப்சி 5545 வெளியானது. இன்றுவரை அடித்தளம் அதுதான்.

இந்த விதிமொழியில் எதிர்மறை எண்கள் உண்டு. மாதத்தின் நாள் "கழித்தல் 1" என்றால் கடைசி நாள். அது பிப்ரவரியில் 28 அல்லது 29, ஏப்ரலில் 30. மேலே சொன்ன வாடகைக்காரருக்குத் தேவைப்பட்டது இதுதான். "மாதத்தின் கடைசி வேலைநாள்" வேண்டுமா? திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்களையெல்லாம் திரட்டு, அந்தப் பட்டியலில் கடைசி ஒன்றை எடு என்று இரண்டு படியாக எழுதலாம். வசதி எல்லாம் இருக்கிறது. ஆனால் பல செயலிகளின் திரையில் இதற்கான பொத்தானே இருக்காது. ஒருவர் 31ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்து "மாதந்தோறும்" என்று அழுத்தும் அந்தக் கணத்தில், "31ஆம் தேதியா, மாதக் கடைசியா?" என்று கேட்டுவிட்டால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் நிகழ்வுகளில் வேறொரு பொறி ஒளிந்திருக்கிறது. 2026 ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை தொடங்கி, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாயும் ஞாயிறும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் திங்களில் தொடங்குகிறது என்று கொண்டால் 4, 9, 18, 23 ஆகிய தேதிகள் கிடைக்கும். வாரம் ஞாயிறில் தொடங்கினால் 4, 16, 18, 30. அதே விதி, வேறு தேதிகள்! வாரத்தின் தொடக்க நாளை விதிக்குள்ளேயே எழுதி அனுப்பத் தரத்தில் இடமிருக்கிறது; எழுதாவிட்டால் திங்கள் என்று பொருள். இதைக் கவனிக்காமல் பயனரின் திரை அமைப்பிலிருந்து வாரத் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளும் செயலி, அனுப்பியவர் ஒரு ஞாயிறிலும் பெற்றவர் இன்னொரு ஞாயிறிலும் வந்து நிற்கும்படி செய்துவிடும்.

தொடரில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் உண்மையான சோதனை. "இந்த ஒன்று மட்டும்", "இதுவும் இனி வருபவையும்", "எல்லாமும்" என்று மூன்று பொத்தான்கள் காட்டப்படுகின்றனவே, அவற்றுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்றை மட்டும் நீக்கினால், அந்தத் தடவையின் தேதியும் நேரமும் ஒரு விலக்குப் பட்டியலில் ஏறும். ஒன்றை மட்டும் தள்ளிவைத்தால், "முதலில் இன்ன நேரத்தில் இருந்திருக்க வேண்டிய தடவை" என்ற அடையாளத்தோடு ஒரு மாற்றுப் பதிவு உருவாகும். "இனி வருபவை" என்றால், பெரும்பாலான மென்பொருள்கள் தொடரையே இரண்டாக வெட்டுகின்றன: பழையதற்கு ஒரு முடிவுத் தேதி, புதியதற்குப் புதிய அடையாள எண்.

எங்கே தவறுகிறது என்று பாருங்கள். காலை 10 மணிக் கூட்டத் தொடரில் மூன்று வாரங்களை ஒருவர் நீக்கியிருக்கிறார். விலக்குப் பட்டியலில் அவை "இன்ன தேதி, 10 மணி" என்று பதிவாகியிருக்கின்றன. பிறகு முழுத் தொடரையும் 11 மணிக்கு மாற்றுகிறார். விதி இப்போது 11 மணித் தடவைகளைத் தருகிறது. விலக்குப் பட்டியலோ இன்னும் 10 மணியைத் தேடுகிறது. இரண்டும் பொருந்தவில்லை. நீக்கிய மூன்று கூட்டங்களும் உயிர்பெற்று வந்துவிடுகின்றன. நேரத்தை மாற்றும்போதே விலக்குப் பட்டியலையும் அதே அளவு நகர்த்துவதுதான் மருந்து. தொடரை வெட்டும்போதும் இப்படித்தான்: வெட்டுப்புள்ளிக்குப் பின்னே இருந்த விலக்குகளையும் மாற்றுப் பதிவுகளையும் புதிய தொடருக்கு எடுத்துச் செல்லாவிட்டால் அவை தொலைந்துபோகும். அழைக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே தந்த "வருகிறேன்" பதில்களும் பழைய அடையாள எண்ணோடு பின்தங்கிவிடும்.

பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கும் ஐகேலண்டரின் மூல விதி நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள் தரும். 2015இல் வந்த ஆர்எஃப்சி 7529 இதற்குத் தீர்வு வைத்தது. இல்லாத தேதி வந்தால் விட்டுவிடு, முந்தைய நாளுக்குப் போ, அடுத்த நாளுக்குப் போ என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதே ஆவணம் இன்னும் பெரிய கதவு ஒன்றையும் திறந்தது. எபிரேய, சீன, எத்தியோப்பிய நாள்காட்டிகளின்படி விதிகளை எழுதலாம். சில ஆண்டுகளில் கூடுதலாக வரும் லீப் மாதத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. அதுவரை இத்தகைய நாட்களைக் கிரகோரியத் தேதிகளாகப் பெயர்த்து, ஆண்டுதோறும் கையால் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

கடிகாரம் யாருடையது?

"எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமி" என்று நிரலாளர்களுக்குச் சொல்லித்தருவார்கள். யூடிசி என்பது உலகம் முழுவதற்குமான பொது நேரம். நடந்து முடிந்தவற்றுக்கு அது சரி. பணம் எப்போது செலுத்தப்பட்டது, கோப்பு எப்போது திறக்கப்பட்டது என்பவை மாறாத கணங்கள். வரப்போகும் சந்திப்புக்கு அது தவறான அறிவுரை. பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால், அந்த மருத்துவமனைச் சுவரில் தொங்கும் கடிகாரம் பத்து காட்டும்போது என்று பொருள். அந்தக் கடிகாரத்தை அரசாங்கங்கள் நகர்த்துகின்றன.

2023 மார்ச்சில் லெபனானில் நடந்தது நல்ல பாடம். மார்ச் 26 அன்று, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரம் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றே நாளுக்கு முன்பு, மார்ச் 23 அன்று, ஏப்ரல் 20ஆம் தேதி நள்ளிரவுவரை அது தள்ளிவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. சில நிறுவனங்கள் ஏற்றன, சில மறுத்தன. மார்ச் 27 அன்று முடிவு கைவிடப்பட்டு, 29ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரங்கள் முன்னே தள்ளப்பட்டன. ஏப்ரல் 3, காலை 10 மணிக்குப் பெய்ரூட்டில் ஒரு சந்திப்பை முன்பே பதிந்தவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமான விதிப்படி அது யூடிசி 7 மணி. அந்த எண்ணை மட்டும் சேமித்த செயலியில், தள்ளிவைப்பு நிலைத்திருந்தால், நினைவூட்டல் உள்ளூர் நேரம் 9 மணிக்கே அடித்திருக்கும். "10 மணி, பெய்ரூட்" என்று சேமித்த செயலிக்குப் புதிய நேர விதிகள் கிடைத்தால் போதும், தானே சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.

அந்த விதிகள் எங்கிருந்து வருகின்றன? 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளத்திலிருந்து. பால் எகர்ட் பல ஆண்டுகளாக அதன் பொறுப்பை ஏற்று நடத்துகிறார். 2011 அக்டோபரிலிருந்து, இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் குடையின்கீழ் இருக்கிறது. உலகின் பெரும்பாலான கணினிகளும் கைபேசிகளும் இதையே நம்பியிருக்கின்றன. நாள்காட்டித் துறையின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நம் விடை இதுதான். மண்டலங்களுக்கு நாட்டின் பெயரை வைக்காமல் நகரத்தின் பெயரை வைத்தது அதன் முக்கியமான முடிவு. எல்லைகள் மாறும், ஆட்சிகள் மாறும். நகரம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். லெபனான் குழப்பத்தின்போது ஒரே வாரத்துக்குள் இரண்டு வெளியீடுகள் வந்தன: மாற்றத்தைச் சேர்த்து ஒன்று, அதை நீக்கி இன்னொன்று. தரவுத்தளம் விரைந்தாலும் கைபேசிக்கு அது போய்ச் சேர இயங்குதளப் புதுப்பிப்பு வேண்டுமென்றால் பயன் குறைகிறது. நேரத் தரவை மட்டும் தனியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இதனால்தான் மதிப்புமிக்கது. சமோவா போல, 2011 டிசம்பர் 30 என்ற ஒரு நாளையே முழுதாகத் தாண்டிக் குதித்த நாடும் உண்டு.

இரு மண்டலங்களுக்கு இடையிலான கூட்டத்தில், யாருடைய கடிகாரம் ஆள்கிறது என்பதைச் சேர்த்துச் சேமிக்க வேண்டும். நியூயார்க்கில் வாரந்தோறும் காலை 9 மணிக்கு வைத்த கூட்டம் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 2 மணி. 2026இல் அமெரிக்கா மார்ச் 8 அன்றும் பிரிட்டன் மார்ச் 29 அன்றும் கடிகாரத்தை மாற்றுகின்றன. இடைப்பட்ட மூன்று வாரங்களில் லண்டன்காரருக்கு அது பிற்பகல் 1 மணி. மென்பொருள் சரியாகவே செய்கிறது. ஆனால் எதுவும் சொல்லாமல் செய்கிறது. "இந்த வாரம் உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறது" என்று நிகழ்வின் மேல் ஒரு வரி காட்டுவது மிக எளிய வேலை. செய்கிறவர்கள் குறைவு.

முழுநாள் நிகழ்வு இதற்கு நேரெதிர். பிறந்தநாளுக்கு மண்டலம் கிடையாது. அதை "நள்ளிரவு, யூடிசி" என்று சேமித்தால், யூடிசிக்குப் பின்தங்கிய மேற்கு மண்டலங்களுக்குப் பயணம் போனவருக்கு முந்தைய நாளே காட்டும். வெறும் தேதியாக, நேரம் ஒட்டாமல் சேமிக்கத் தரத்தில் தனி வகையே இருக்கிறது. கூடவே இன்னொன்று: முடிவுத் தேதி கணக்கில் சேராது. 14 முதல் 16 வரை மூன்று நாள் விடுப்பு என்றால், கோப்பில் 14 தொடக்கம், 17 முடிவு என்று இருக்க வேண்டும். இதை அறியாமல் வேறு செயலிக்கு ஏற்றுமதி செய்தால் விடுப்பில் ஒரு நாள் குறையும்.

மணி அடிப்பது ஏன் இவ்வளவு கடினம்

நினைவூட்டலையும் கணமாக எழுதாமல் உறவாக எழுதுவதே நல்லது. "9.45க்கு" என்பதைவிட "தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்" என்று இருந்தால், கூட்டம் நகரும்போது மணியும் கூடவே நகரும். இங்கே "1 நாள் முன்" என்பதும் "24 மணி நேரம் முன்" என்பதும் ஒன்றல்ல. லண்டனில் 2026 மார்ச் 29, ஞாயிறு காலை 10 மணி நிகழ்வுக்கு, 1 நாள் முன் என்றால் சனி காலை 10. 24 மணி நேரம் முன் என்றால் சனி காலை 9, ஏனென்றால் அன்றிரவு ஒரு மணி நேரம் காணாமல்போகிறது. ஐகேலண்டர் இந்த இரண்டையும் தனித்தனியாகவே குறிக்கிறது. குறியீட்டைப் படிக்கும் நிரல் இரண்டையும் நொடிகளாகப் பெருக்கிவிட்டால் அந்த வேறுபாடு அழிந்துபோகும்.

கணக்கு சரியாக இருந்தாலும், கைபேசி அந்தக் கணத்தில் விழித்திருக்க வேண்டுமே. பேட்டரியைக் காக்க இயங்குதளங்கள் செயலிகளை உறங்கவைக்கின்றன. ஆண்ட்ராய்டு 4.4இலிருந்து சாதாரண அலாரங்கள் துல்லியமாக அடிப்பதில்லை. பல செயலிகளின் அலாரங்களை ஒன்றாகச் சேர்த்து அடிக்கும். 2015இல் வந்த 6.0 பதிப்பில் டோஸ் என்ற ஆழ்துயில் சேர்ந்தது. சார்ஜரில் இல்லாமல், அசையாமல், திரை அணைந்து கிடக்கும் கைபேசியில் துல்லிய அலாரமும் தள்ளிப்போகும். துயிலிலும் எழுப்பும் தனி அழைப்பைப் பயன்படுத்தினால் அடிக்கும். அதற்கும் ஒரு செயலிக்கு ஏறத்தாழ 9 நிமிடத்துக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு. ஆண்ட்ராய்டு 12இல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி வந்தது. 13இல் அறிவிப்பு காட்டவே பயனரின் அனுமதி தேவையாயிற்று. 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்குத் துல்லிய அலாரம் இயல்பாகவே மறுக்கப்படுகிறது. நாள்காட்டி, அலாரம் செயலிகளுக்கு மட்டும் நிறுவும்போதே கிடைக்கும் வேறொரு அனுமதி உண்டு.

இவற்றுக்கு மேல், கைபேசியை அணைத்துப் போட்டால் பதிந்த அலாரங்கள் எல்லாம் அழிந்துவிடும். செயலி, கைபேசி எழுந்ததும் வரும் செய்தியைக் கேட்டு, எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். நேர மண்டலம் மாறினாலும், பயனர் கடிகாரத்தைக் கையால் திருத்தினாலும் இதே வேலை. அமைப்புகளுக்குள் போய்ச் செயலியைக் கட்டாயமாக நிறுத்தினால், மறுபடி அதைத் திறக்கும்வரை எந்த மணியும் அடிக்காது.

ஐஃபோனில் தொல்லை வேறு வகை. ஒரு செயலி முன்கூட்டிப் பதிந்துவைக்கக்கூடிய உள்ளூர் அறிவிப்புகள் 64 மட்டுமே. ஒரு நாளைக்கு நான்கு வேளை மருந்து நினைவூட்டலைத் தனித்தனியாகப் பதிந்தால் 16 நாளில் தீர்ந்துவிடும். பதினேழாம் நாள் அமைதி. பயனரோ செயலியைத் திறக்கவே இல்லை. அறிவிப்பு வருகிறதே, திறப்பானேன்? இங்கேயும் மருந்து அதே கொள்கைதான்: தேதிகளாகப் பதியாமல் "தினமும் காலை 8 மணி" என்ற திரும்பும் விதியாகப் பதிந்தால் நான்கே இடம் போதும். விதியாகச் சொல்ல முடியாதவற்றை மட்டும் நேரத்தில் அருகிலுள்ளவை முதலாக வரிசைப்படுத்தி, மீதி இடத்தில் நிரப்பி, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் மறுபடி நிரப்ப வேண்டும். வரிசையின் கடைசி இடத்தை "செயலியை ஒருமுறை திறக்கவும்" என்ற அறிவிப்புக்கு ஒதுக்கிவைப்பது எளிய, நேர்மையான காப்பு.

இயங்குதளத்தை உருவாக்கியவர்களே தவறியதுண்டு. 2010 அக்டோபர் கடைசியில் ஐரோப்பாவில் கோடைகால நேரம் முடிந்தபோது ஐஃபோன்களில் திரும்பத் திரும்ப வரும் அலாரங்கள் ஒரு மணி நேரம் பிசகின. 2011 ஜனவரி 1, 2 தேதிகளில் ஒருமுறை மட்டும் ஒலிக்க வைத்த அலாரங்கள் ஒலிக்கவே இல்லை. 3ஆம் தேதி தானாகச் சரியாயிற்று.

ஆகவே ஒரு நினைவூட்டல் செயலியை நம்பும் முன் சில சோதனைகள் செய்துபார்க்கலாம். பத்து நிமிடம் தள்ளி ஒரு நினைவூட்டல் வைத்து, கைபேசியை அணைத்து மீண்டும் போட்டு, செயலியைத் திறக்காமல் காத்திருங்கள். இன்னொன்றை இரவில், சார்ஜர் இல்லாமல், மேசைமேல் அசையாமல் வைத்து, நான்கைந்து மணி நேரம் கழித்து அடிக்கும்படி வையுங்கள். மூன்றாவதாக, நேர மண்டலத்தைக் கையால் மாற்றி, நாளைய நிகழ்வும் முழுநாள் நிகழ்வும் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள். பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு இருந்தால் நீக்கிவிட்டே சோதியுங்கள். சில தயாரிப்பாளர்களின் கைபேசிகள் ஆண்ட்ராய்டு விதிகளுக்கும் மேலே தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளைப் போடுகின்றன.

ஒரே மணி மூன்று இடத்தில்

கைபேசி, கணினி, கைக்கடிகாரம் மூன்றும் ஒரே நேரத்தில் அலறுவதும், ஒன்றில் அணைத்த நினைவூட்டல் இன்னொன்றில் மாலைவரை காத்துக் கிடப்பதும் எல்லோரும் கண்டதுதான். இதற்கு 2021 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 9074 அழகான விடை தந்தது. "பார்த்தாயிற்று" என்று அழுத்திய கணத்தை அலாரத்துக்குள்ளேயே யூடிசியில் எழுதிவைக்க வேண்டும். மற்றச் சாதனம் ஒத்திசைந்ததும் அந்த நேரத்தைப் பார்க்கும். அலாரம் அடிக்க வேண்டிய நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் வாயைத் திறக்காது. இங்கே யூடிசி சரி, ஏனென்றால் பார்த்தது நடந்து முடிந்த ஒரு கணம். ஸ்னூஸ் அழுத்தினால், மூல அலாரம் கலையாமல், "இதன் ஸ்னூஸ்" என்ற உறவோடு புதிய அலாரம் ஒன்று பிறக்கும். பழைய முறையில் ஸ்னூஸ் மூல நேரத்தையே அழித்து எழுதியதால், "15 நிமிடம் முன்" என்ற எண்ணம் அடுத்த வாரத்துக்குக் கைமாறாமல் போன செயலிகள் உண்டு.

ஒத்திசைவின் அடிப்படை 2007இல் ஆர்எஃப்சி 4791 ஆக வந்த கால்டேவ் என்ற நெறிமுறை. ஒவ்வொரு நிகழ்வும் சர்வரில் ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு முத்திரை. மலைப்பாதையில் இணைப்பு இல்லாமல் ஒருவர் நேரத்தை மாற்றுகிறார். அதே வேளையில் அலுவலகத்தில் இன்னொருவர் இடத்தை மாற்றுகிறார். கைபேசி சர்வரிடம் "முத்திரை இன்னும் நான் பார்த்ததாகவே இருந்தால் மட்டும் எழுது" என்று கேட்கும். முத்திரை மாறியிருந்தால் சர்வர் 412 என்ற பிழை எண்ணோடு மறுக்கும். நல்ல செயலி புதிய பதிப்பை இறக்கி, நேரம் ஒருவருடையது, இடம் மற்றவருடையது என்று புலம் புலமாகச் சேர்க்கும். சோம்பேறிச் செயலி நிபந்தனையே இல்லாமல் எழுதும். இடமாற்றம் அழிந்துபோகும், யாருக்கும் தெரியாது. ஒரே நிகழ்வு இரண்டு இரண்டாகத் தெரிவதற்கும் காரணம் எளியது: இறக்குமதி செய்யும்போது நிகழ்வின் நிலையான அடையாள எண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்துவிடுகிறார்கள்.

நேரத்தைவிட்டு இடத்துக்கு

பல எண்ணங்களுக்கு நேரமே கிடையாது. "கடைக்குப் போகும்போது பல்ப் வாங்கணும்" என்பதில் மணி எங்கே? செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைவுகொள்ளும் எதிர்கால நினைவைப் பற்றிய ஆய்வில் கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1990இல் நேரம் சார்ந்தவை, நிகழ்வு சார்ந்தவை என்று இரு வகை பிரித்தார்கள். இரண்டாவது வகையைத்தான் இடம் சார்ந்த நினைவூட்டல் பிடிக்கிறது. ஜார்ஜியா டெக்கில் டேயும் அபௌடும் 2000இல் சைபர்மைண்டர் என்ற முன்மாதிரியில் இடம், அருகிலுள்ள ஆள், சூழல் ஆகியவற்றை நினைவூட்டலின் நிபந்தனையாக வைத்துக் காட்டினார்கள். இன்று ஆர்எஃப்சி 9074இல் வந்தடைதல், புறப்படுதல், ஒரு வண்டியின் ப்ளூடூத்தில் இணைதல், துண்டித்தல் என்று நான்கு தூண்டல்கள் இருக்கின்றன.

நடைமுறை எல்லைகளை அறிந்து பயன்படுத்த வேண்டும். ஐஃபோனில் ஒரு செயலி, இடங்களைச் சுற்றி வரைந்த 20 வட்டங்களை மட்டுமே கண்காணிக்கலாம், ஆண்ட்ராய்டில் 100. வட்டத்தின் ஆரம் 100 முதல் 150 மீட்டருக்குக் குறைந்தால் தவறுகள் பெருகும். ஆண்ட்ராய்டில் பின்னணியிலிருக்கும் செயலிக்கு அறிவிப்பு வர இரண்டு மூன்று நிமிடமாகலாம். நடந்து வருபவருக்கு அது பரவாயில்லை. வண்டியில் போகிறவர் கடையைத் தாண்டிவிடுவார். அவருக்கு "வந்தடைந்ததும்" என்பதைவிட, "அலுவலகத்தைவிட்டுப் புறப்பட்டதும்" என்று வைப்பதே உதவும்.

ஊகிக்கும் நாள்காட்டி

கற்றுக்கொள்ளும் நாள்காட்டி புதிய யோசனை அல்ல. 1990களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் உருவாக்கிய நாள்காட்டித் துணைவன், கூட்டத்தின் நாள், நேரம், நீளம், இடம் ஆகிய நான்கையும் பழைய பதிவுகளிலிருந்து ஊகித்தது. ஒவ்வொரு இரவும் தன் விதிகளைப் புதுப்பித்துக்கொள்ளும். கல்விப் பருவம் மாறும்போது அதன் ஊகங்கள் சரிந்தன, ஏனென்றால் பழைய பழக்கம் புதிய பருவத்துக்குச் செல்லாது. இன்றைய எந்தப் பரிந்துரை இயந்திரத்துக்கும் இது பொருந்தும்: வேலை மாறியவரின் நாள்காட்டியில் பழைய பதிவுகளின் எடையைக் குறைக்க வேண்டும்.

1999இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் எரிக் ஹார்விட்ஸ் விவரித்த லுக்அவுட், மின்னஞ்சலைப் படித்துச் சந்திப்பை முன்மொழிந்தது. அதன் சிறப்பு ஊகத்தில் இல்லை, தயக்கத்தில் இருந்தது. பயனருக்கு இது தேவைப்படும் என்ற நிகழ்தகவு குறைவென்றால் பேசாமல் இருக்கும், நடுத்தரமென்றால் கேட்கும், உயர்வென்றால்தான் செய்யும். தவறாகக் குறுக்கிடுவதன் இழப்பையும் உதவாமல் விடுவதன் இழப்பையும் தராசில் வைத்து அந்த எல்லைகளைக் கணக்கிட்டது. நீண்ட கடிதத்தைப் படிக்க அதிக நேரமாகும் என்பதால், கடிதத்தின் நீளத்துக்கேற்பக் காத்திருந்து கேட்டது. சரியான மணி தெரியாவிட்டால் பொய்யாக ஒன்றை நிரப்பாமல், அந்த வாரத்தின் பக்கத்தை மட்டும் திறந்து காட்டியது. தெரிந்த அளவுக்கு மட்டும் செய்வது என்ற இந்தப் பண்பு, இன்று மொழி மாதிரிகளை நாள்காட்டியோடு இணைப்பவர்களுக்கு உடனடித் தேவை.

காப்புரிமையிலும் இந்தக் கோடு தெரிகிறது. 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓர் அருவக் கருத்தைச் சாதாரணக் கணினியில் ஓட்டுவதால் மட்டும் அது காப்புரிமைக்குரியதாகாது என்றது. தாள் குறிப்பேட்டைத் திரைக்கு மாற்றியது போதாது. ஒத்திசைவிலோ மின்சிக்கனத்திலோ ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்த்ததாகக் காட்டும் விண்ணப்பம்தான் நிற்க வாய்ப்புள்ளது.

பேச்சுமொழியில் பதியும் வசதியில் எண்ணமும் எண்ணும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. புதன்கிழமை ஒருவர் "அடுத்த வெள்ளி 5 மணிக்கு" என்று தட்டுகிறார். இரண்டு நாளில் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வாரத்து வெள்ளியா? தமிழ் பேசுபவர்களுக்குள்ளேயே இரண்டு வழக்கும் உண்டு. 5 மணி என்றால் மாலை என்று கொள்வது பெரும்பாலும் சரி. ரயிலைப் பிடிக்கிறவருக்குத் தவறு. "ராத்திரி 12 மணி" இன்றைக்கா நாளைக்கா? இலக்கணப் பகுப்பாய்வு எவ்வளவு கூர்மையானாலும் இவை தீராது, ஏனெனில் விடை வாக்கியத்துக்குள் இல்லை. சேமிக்கும் முன், தான் புரிந்துகொண்டதைக் கிழமை, தேதி, வேளை, "இன்றிலிருந்து 9 நாள் கழித்து" என்ற இடைவெளி ஆகிய நான்கோடும் ஒரே வரியில் காட்ட வேண்டும். பக்கத்திலேயே மற்ற வெள்ளியையும் ஒரு தட்டில் மாற்றிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். அவர் தட்டிய மூல வாக்கியத்தையும் நிகழ்வோடு சேர்த்தே வைத்திருந்தால், நாளைக்குத் தேதி பொருந்தாதபோது எது தவறிற்று என்று அவரே பார்த்துக்கொள்வார்.